வாடிக்கையாளர் வேண்டாம் என்ற ஏஜெண்ட்

"இன்னொரு தடவை போடு."

கொசுறு செல்போனைத் தட்டினான். மேஜை நடுவிலிருந்து அந்த மனிதர் மூன்றாவது முறையாகப் பேச ஆரம்பித்தார். வாய் நிறைய எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிற குரல்.

"கவலையே படாதீங்க மேடம். உங்க பாலிசி பத்திரமா இருக்கு. க்ளெய்ம் மேலிடத்துக்குப் போயிருக்கு. அவங்களே உங்களைக் கூப்பிடுவாங்க."

குரலுக்குப் பின்னால் ஒரு பெரிய ஆபீஸின் இரைச்சல். நாற்காலி இழுபட்டது. எங்கோ தொலைபேசி மணி அடித்தது. யாரோ இருமினார்.

"மேலிடமாம்," என்றார் சர்வேயரம்மா. "பொய் சொல்றவன் ஒவ்வொருத்தனுக்கும் மேல ஒரு இடம் இருக்கும். அங்க யாரும் போய்ப் பார்த்தது கிடையாது."

சர்வேயரம்மா துப்பறிய வருவதற்கு முன் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக நசுங்கிய கார்களைப் பார்வையிட்டு, சேதத்துக்கு மதிப்புப் போட்டுக்கொண்டிருந்தவர். அந்த உத்தியோகத்தில் அவர் சேர்த்த சொத்து இரண்டு. ஒன்று முதுகுவலி, மற்றொன்று மனித குலத்தின் மேல் ஓர் இளக்காரம். முதுகுவலி குளிர்காலத்தில் மட்டும் வரும்.

டயர் கடை மாடியில் இந்த அறையை அவர் வாடகைக்கு எடுத்தபோது, முன்பு அங்கே தட்டச்சுப் பள்ளி நடத்தியவர் ஒரு மேஜையையும், சுற்றும்போது முனகும் மின்விசிறியையும், தன் குமாஸ்தாவையும் விட்டுவிட்டுப் போயிருந்தார். மேஜையும் மின்விசிறியும் வாடகையில் சேர்ந்தவை. குமாஸ்தா கொசுறு. அந்தப் பெயரே அவனுக்கு நிலைத்துவிட்டது.

எதிரே உட்கார்ந்திருந்தவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். காலையிலிருந்து மாலை வரை "கிளட்ச், கிளட்ச்" என்று கத்திக்கொண்டிருப்பதால் மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் கிளட்ச் அக்கா. இப்போது கத்துவதற்கு அவளிடம் தொண்டை இல்லை. அழுது முடித்த தொண்டை அது.

"முதல்லேருந்து சொல்லும்மா," என்றார் சர்வேயரம்மா. "அழுகையை விட்டுட்டு, நடந்ததை மட்டும் சொல்லு."

"கார் எங்க குடும்பக் கார், மேடம். அண்ணன் வீடும் எங்க வீடும் சேர்ந்து வாங்கினது. பேப்பரெல்லாம் அண்ணன் பேர்ல. போன வாரம் நான் ஓட்டிட்டுப் போனேன். ஒரு நாய் குறுக்க வந்துச்சு. ஸ்டீயரிங்கை ஒடிச்சேன். ஒரு கடை வாசல்ல ஏணி போட்டு பெயிண்டர் ஒருத்தர் போர்டு எழுதிட்டிருந்தார். ஏணி மேல பட்டுடுச்சு. அவருக்குக் கால் முறிஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்கார். சரி, இன்ஷூரன்ஸ் இருக்கேன்னு கம்பெனிக்குப் போனா, அப்படி ஒரு பாலிசியே எங்ககிட்ட இல்லைங்கறாங்க."

"இன்ஷூரன்ஸ் எடுத்தது யாரு?"

"அண்ணன்தான். அவருக்கு எங்க சொந்தத்துல பேரப்புலின்னு பேரு. எதை வாங்கினாலும் பாதி விலைக்கு வாங்கிடுவார். இந்த வருஷம் எந்தக் கம்பெனியில கேட்டாலும் விலை ஏறிப்போச்சுன்னாங்க. 'நீ சும்மா இரு, நான் பேசுறேன்'னார். ஒரே வாரத்துல, போன வருஷத்தை விடக் கம்மியா முடிச்சுட்டு வந்து பாலிசியை நீட்டினார். இந்த ஏஜெண்ட் மூலமாத்தான்."

"சந்தோஷமா இருந்திருக்குமே."

"ஆமா மேடம்."

"இருக்கும், இருக்கும். இன்ஷூரன்ஸை மலிவா வாங்கறதுல ஒரு தப்பும் இல்ல. நாலு இடத்துல விசாரிச்சு, எதெல்லாம் இதுல சேராதுன்னு கேட்டு வாங்கினா, நல்லதே மலிவா கிடைக்கும். நம்ம ஜனங்க 'எவ்வளவு'ன்னு மட்டும்தான் கேப்பாங்க. 'எதுக்கு'ன்னு கேட்டா கௌரவக் குறைச்சல்." சர்வேயரம்மா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "போலீஸ் என்ன சொல்லுது?"

"என் லைசென்ஸை வாங்கி வெச்சுக்கிட்டாங்க. நாளைக் காலைக்குள்ள ஒண்ணு பாலிசி வரணும், இல்ல அதை வித்தவன் வரணும். ரெண்டும் வரலைன்னா, தெரிஞ்சே இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியை ஓட்டினேன்னு எழுதிடுவேன்னு இன்ஸ்பெக்டர் சொல்றார். அப்படி எழுதிட்டா என் பிழைப்பு போச்சு மேடம். இன்ஷூரன்ஸ் இல்லாம ஓட்டினவகிட்ட எவன் ஓட்டக் கத்துக்குவான்?"

"ஏஜெண்ட்டை நேர்ல பார்த்ததுண்டா?"

"இல்ல. போன்லதான். அண்ணன் பாவம், அவரும் என் பக்கத்துலயே உக்காந்து எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்தார். அவர் இருக்கும்போது மட்டும் அந்தாள் எடுக்கவே மாட்டேங்கறான். ஸ்டூடண்ட்ஸ் சொன்ன நேரத்துக்கு வராம மாத்திப் பேசறாங்கன்னு என் போன்ல எல்லாப் பேச்சும் தானா பதிவாகும். அதுல கிடைச்சது இந்த ரெண்டு கால்தான்."

"வேற யாருக்காவது இவன் இன்ஷூரன்ஸ் போட்டுக் குடுத்திருக்கானா?"

"அதான் இல்ல. அவ்வளவு மலிவுன்னதும் என்கிட்ட கத்துக்கற அஞ்சாறு பேருக்கு நம்பர் குடுத்தேன். எல்லாரையும் 'இந்த வருஷத்துக்குப் புது ஆள் எடுக்கறதில்லை'ன்னு திருப்பி அனுப்பிட்டான்."

சர்வேயரம்மா கண்ணைத் திறந்தார். அவர் முகத்தில் முதல் முறையாக ஏதோ ஒரு சுவாரசியம் தெரிந்தது.

"கொசுறு, உனக்கு எத்தனை இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட்டைத் தெரியும்?"

"நான் தெரு மாறிப் போறதே அவங்களுக்குப் பயந்துதான் மேடம். எங்க மாமாவோட சாவுக்கு வந்த ஒருத்தர், மாமா போயிட்டார், நீங்க எப்போன்னு கேட்டார்."

"ஏமாத்துற ஏஜெண்ட்?"

"அவன் இன்னும் ரெண்டு மடங்கு விரட்டுவான்."

"ஆக, நல்லவனும் ஆள் தேடுவான், கெட்டவனும் ஆள் தேடுவான். இவன் தானா வந்து விழுந்த அஞ்சாறு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கான். இவனுக்குக் காசு வேண்டாம். காசு வேண்டாத திருடன்னா, அவன் வேற எதையோ திருடறான்." அவர் மேஜையைத் தட்டினார். "முதல் பேச்சையும் ரெண்டாவது பேச்சையும் ஒண்ணு பின்னால ஒண்ணு போடு. ஆள் பேசறதைக் கேக்காதே. பின்னால இருக்கிற ஆபீஸை மட்டும் கேளு."

கொசுறு போட்டான். நாற்காலி, தொலைபேசி மணி, இருமல். இரண்டாவதைப் போட்டான். நாற்காலி, தொலைபேசி மணி, இருமல்.

"அட! அதே இருமல்," என்றான் கொசுறு. "ரெண்டு கால்லயும் அதே இடத்துல. அந்த ஆபீஸ்ல இருமறதுக்குன்னே சம்பளத்துக்கு ஆள் வெச்சிருக்காங்க போல."

"ஆபீஸே இல்ல. எங்கயோ புடிச்ச சத்தத்தை இன்னொரு போன்ல ஓடவிட்டுப் பேசறான். இன்னும் கிட்டப் போய்க் கேளு. இருமலுக்கு அப்புறம்?"

மூன்று தலைகளும் செல்போன் மேல் குனிந்தன. நீண்ட "கிர்ர்ர்" ஓசை ஒன்று வந்தது. அது ஓய்ந்ததும் கீழேயிருந்து வருவதுபோல் அதைவிடத் தடித்த ஒரு "கிர்ர்ர்". பிறகு ஒரு பெண் குரல்: "அடுத்தவங்க வாங்க." அதற்கும் பின்னால், மிக மெல்ல, ஓர் ஆண் குரல்: "நல்லாக் கொப்புளிச்சுத் துப்புங்க."

கிளட்ச் அக்கா விழித்தாள். "இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல எதுக்குக் கொப்புளிக்கறாங்க?"

"பிரீமியம் எவ்வளவுன்னு கேட்டு வாயில நுரை தள்ளியிருக்கும்க்கா," என்றான் கொசுறு.

"பல் ஆஸ்பத்திரி," என்றார் சர்வேயரம்மா. "முதல் சத்தம் பல்லு குடையற மெஷின். கீழேயிருந்து வர்ற ரெண்டாவது சத்தம்தான் என்னன்னு தெரியல."

"எனக்குத் தெரியும்." கிளட்ச் அக்கா எழுந்தே விட்டாள். "மரம் அறுக்கிற பட்டறை! அந்தத் தெருவுலதான் நான் எல்லாரையும் ரிவர்ஸ் எடுக்க வைப்பேன். கீழ பட்டறை, மேல பல் டாக்டர். யார் எதை அறுக்கறாங்கன்னே தெரியாது."

*

பட்டறை வாசலில் மரத்தூள் முழங்கால் உயரத்துக்குக் குவிந்திருந்தது. மாடிப்படியில் ஏறுகிறவர்களின் செருப்பெல்லாம் அதை மேலே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தன. மாடியில் வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகள், அவற்றில் கன்னத்தைத் தாங்கிய மனிதர்கள். ஒருவரை ஒருவர் பார்த்து, தன் வலிதான் பெரிது என்ற தோரணையில் உட்கார்ந்திருந்தார்கள். வரவேற்பு மேஜைப் பெண் "அடுத்தவங்க வாங்க" என்று கூப்பிட்டபோது கிளட்ச் அக்கா சர்வேயரம்மாவின் கையைப் பிடித்தாள். பதிவில் இருந்த அதே குரல்.

"அந்தப் பொண்ணு இல்ல. ஏஜெண்ட் ஆம்பளைக் குரல்," என்று சர்வேயரம்மா முணுமுணுத்தார். "உள்ள டாக்டர் இருக்கார், அவருக்கு ஒரு உதவியாள் இருப்பார். ரெண்டு பேர் குரலையும் கேக்கணும். கொசுறு, உள்ள போ."

"மேடம், எனக்குப் பல்லெல்லாம் வைரம் மாதிரி இருக்கு."

"அதை டாக்டர் சொல்லட்டும். பேச்சுக் குடு. அவங்க பேசறதைக் கவனி."

கொசுறு உள்ளே போனான். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பேச்சு கேட்டது. அப்புறம் பேச்சு நின்றது. பல்லு குடையும் மெஷின் ஒரு முறை உறுமியது. கீழே பட்டறை பதில் சொன்னது. "வேண்டாம் டாக்டர், நான் சும்மா பேசிட்டுப் போகத்தான்…" என்ற கொசுறின் குரல் பாதியில் அறுபட்டது.

"அவரை என்ன பண்றாங்க?" என்றாள் கிளட்ச் அக்கா.

"வைரத்தைத் தோண்டறாங்க," என்றார் சர்வேயரம்மா, பத்திரிகையைப் புரட்டியபடி.

வெகு நேரம் கழித்துக் கதவு திறந்தது. கொசுறு வெளியே வந்தான். வலது கன்னம் பந்துபோல் புடைத்திருந்தது. கண்ணில் தண்ணீர். நேராக சர்வேயரம்மாவிடம் வந்து, கன்னத்துக்குள் திணித்திருந்த பஞ்சுருண்டையோடு பேசினான்:

"சொத்தையாம் மேடம். புடுங்கிட்டார். அந்த ரெண்டு பேர் குரலும் இல்ல. இந்தப் பல்லை ஆபீஸ் செலவுல எழுதுவீங்களா, மாட்டீங்களா?"

கிளட்ச் அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"இவன்தான்! இவன்தான் அந்த ஏஜெண்ட்! இதே குரல்!"

காத்திருந்தவர்கள் எல்லோரும் தத்தம் வலியை மறந்து கொசுறைப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் தன் பையை மடியில் இறுக்கிக்கொண்டார்.

"நானா? அக்கா, நான் உங்களுக்காக ஒரு பல்லையே குடுத்திருக்கேன்!"

பஞ்சு வழியாக வந்த அந்தப் பேச்சு, செல்போனில் கேட்ட பேச்சேதான். அதே அடைப்பு, அதே தடிப்பு.

சர்வேயரம்மா சிரித்தார். அவர் சிரித்தால் யாருக்கோ கேடு என்று கொசுறுக்குத் தெரியும்.

"உக்காரும்மா. நாம ஒரு குரலைத் தேடிட்டு வந்தோம். அந்தக் குரலுக்கு ஆளே கிடையாது. யார் கன்னத்துல இந்தப் பஞ்சை வெச்சாலும் ஏஜெண்ட் பேசுவான். தன் சொந்தக் குரல்ல பேச முடியாத ஒருத்தன்தான் இப்படிப் பேசுவான். ஏன் முடியாது? பேசினா நீ கண்டுபுடிச்சுடுவே."

கிளட்ச் அக்காவுக்குப் புரியவில்லை, அல்லது புரிந்துகொள்ள அவள் மறுத்தாள். சர்வேயரம்மா வரவேற்பு மேஜைக்குப் போனார்.

"ஏம்மா, பல்லு வலி ஒண்ணும் இல்லாம, பஞ்சு மட்டும் கேட்டு வந்த ஆள் யாராவது உண்டா?"

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அவரா? அவரை மறக்க முடியுமா? பல்லு எடுத்து ஆறியே போச்சு. அப்புறமும் வந்து நின்னார். மருந்துக் கடையில வாங்கிக்கங்கன்னா, இங்க இருக்கிற உருண்டைதான் கன்னத்துல ஒழுங்கா உக்காருதுன்னார். ஒரு பொட்டலமே வாங்கிட்டுப் போனார்."

"ஆள் எப்படி?"

"அதை ஏன் கேக்கறீங்க. முதல்ல பல்லு எடுக்க வந்தப்பவே, ரெண்டு பல்லு எடுத்தா ஒண்ணுக்குக் காசு கிடையாதுல்லன்னு கேட்டார். இது என்ன துணிக்கடையான்னு டாக்டர் கத்தினார். உடனே 'சரி சரி'ன்னு கேட்டதை அப்படியே எண்ணி வெச்சுட்டார். குறைக்கச் சொல்லிக் கேட்டுட்டுக் கடைசியில முழுசாக் குடுத்த ஆளை அன்னிக்குத்தான் பார்த்தேன். அதுக்கப்புறம் இதே நாற்காலியில உக்காந்து, வாயில பஞ்சோட பொண்டாட்டிக்குப் போன் பண்ணினார். அந்தம்மா 'யாரு பேசறது, யாரு பேசறது'ன்னு கேட்டுட்டே இருந்தாங்க. 'நான்தான்டி! ஒரு பல்லை இனாமா எடுக்க வெச்சுட்டேன்'னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு."

"அந்தக் கடைசி விஷயத்தை இன்னொரு தடவை சொல்லு."

"இனாமா எடுக்க வெச்சுட்டேன்னு சொன்னார்ங்க. முழுசா குடுத்துட்டு."

சர்வேயரம்மா திரும்பிப் பார்த்தார். கிளட்ச் அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும் மேடம்," என்றாள் மெதுவாக. "அண்ணனுக்கு ஒரு பல்லு இனாம். அண்ணி அதை ஊரெல்லாம் சொல்லிட்டாங்க."

*

பேரப்புலியின் வீட்டுக் கூடத்தில் பாதி இடத்தைச் சோபா பிடித்திருந்தது. மீதி இடத்தில் மனிதர்கள் சுவரோடு ஒட்டி நடமாடினார்கள். வாசலில் முன்விளக்கு உடைந்த கார் நின்றது. இவர்கள் உள்ளே நுழைந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கைகட்டி நின்று, மறுநாள் கட்டில் வாங்கத் தன்னோடு வரும்படி பேரப்புலியைக் கெஞ்சிக்கொண்டிருந்தார். "பார்க்கலாம், பார்க்கலாம். எனக்கு நேரம் இருக்கணும்," என்று அவர் கையசைத்து அனுப்பினார். பெரிய டாக்டர்களுக்குக்கூட அந்தக் கையசைப்பு வராது.

"என்னம்மா, அந்த ஏஜெண்ட் அயோக்கியனைப் புடிச்சீங்களா?" என்று தங்கையைக் கேட்டார்.

"புடிச்சாச்சு," என்றார் சர்வேயரம்மா. "கூடவே கூட்டிட்டு வந்திருக்கோம்."

கைப்பையிலிருந்து ஒரு பஞ்சுருண்டையை எடுத்து, கூடத்து மேஜை மேல் வைத்தார். பேரப்புலியின் கை தானாக வலது கன்னத்துக்குப் போனது. பாதி வழியில் அதைப் பார்த்துவிட்டு, காதைச் சொறிவதுபோல் மாற்றினார்.

"இது என்னது?"

"வாயில வெச்சுட்டு, 'க்ளெய்ம் மேலிடத்துக்குப் போயிருக்கு'ன்னு ஒரு தடவை சொல்லுங்க. பல் ஆஸ்பத்திரிப் பொண்ணு உங்களை ரொம்ப விசாரிச்சா."

அடுக்களை வாசலில் அண்ணி தேநீர்த் தட்டோடு வந்து நின்றாள். பேரப்புலி சோபாவில் முன்னுக்கு நகர்ந்தார். அவர் முகத்தில் வந்தது வெட்கமில்லை. வியாபாரத்துக்கு உட்காருகிற முகம் அது.

"சரி. நடந்தது நடந்து போச்சு. இப்படி வெச்சுக்கலாமா? ஏஜெண்ட் ஒருத்தன் ஏமாத்தினான்னு முக்கால் பாகம். நான் கவனிக்காம விட்டேன்னு கால் பாகம். அதுக்கு மேல எனக்குக் கட்டாது."

"ரெண்டு பொய்யா எடுத்துக்கிட்டா ஒண்ணு இனாமாங்க?" என்றான் கொசுறு, பஞ்சோடு. தன் சொந்த ஏஜெண்ட் எதிரே நின்று பேசுவதைக் கேட்ட பேரப்புலி ஒரு கணம் பதறிப்போனார்.

"அந்த இன்ஷூரன்ஸ் காசை என்னங்க பண்ணீங்க?" என்றாள் அண்ணி. தட்டில் தேநீர் தளும்பியது. "யாருக்குக் குடுத்தீங்க?"

"அவர் தனக்குன்னு எதையும் எடுக்கலம்மா," என்றார் சர்வேயரம்மா. "எடுத்திருந்தா எனக்கு அவர் மேல கொஞ்சம் மரியாதையாவது இருந்திருக்கும். திருடனைப் புரிஞ்சுக்கலாம், அவனுக்கும் வயிறு இருக்கு. இந்த சோபா என்ன விலைக்கு வந்துச்சு?"

"பாதி விலைக்குங்க." சூழ்நிலையையும் மீறி அண்ணியின் குரலில் பெருமை வந்துவிட்டது. "கடைக்காரர் கண்ணுல தண்ணியோட குடுத்தாராம்."

"முழு விலைக்கு வித்தவர் எதுக்கும்மா அழணும்?"

அண்ணி கணவனைப் பார்த்தாள். பேரப்புலி சோபாவைப் பார்த்தார்.

"பல் டாக்டர்கிட்ட முழுசாக் குடுத்துட்டு, வீட்டுக்குப் போன் பண்ணி இனாம்னு சொன்னவர், சோபாக் கடையில மட்டும் வேற மாதிரி இருந்திருப்பாரா? இவர் வாழ்க்கையில ஒரு பொருளையும் பேரம் பேசி வாங்கினதில்ல. கேட்ட விலையைக் குடுத்துட்டு வருவார். உங்ககிட்டப் பாதி சொல்லுவார். மீதியைத் தன் கையிலேருந்து போட்டுடுவார். பேரப்புலியாம்! கடைக்காரங்க இவரைப் பார்த்தா எழுந்து நின்னு கும்பிடுவாங்க."

"அப்படியாங்க?" என்றாள் அண்ணி.

பேரப்புலி சோபாவின் கைப்பிடியைத் தடவினார். பேசியபோது அவர் குரல் பஞ்சு இல்லாமலேயே அடைத்திருந்தது.

"முதல்ல ஒரு ஃபேன் வாங்கினப்ப கடைக்காரர் தானாவே கொஞ்சம் குறைச்சார். நான் பேசிக் குறைச்சேன்னு சொன்னேன். எல்லாரும் அசந்துட்டீங்க. அதுக்கப்புறம் கேட்டுப் பார்த்தேன். எவனும் குறைக்கல. வீட்டுக்கு வந்தா நீங்க வாசல்லயே நின்னு எவ்வளவுன்னு கேக்கறீங்க. நான் என்ன சொல்ல முடியும்? காருக்கும் போன வருஷம் வரைக்கும் மீதியை நானேதான் போட்டேன். இந்த வருஷம் கட்டில், சைக்கிள், பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின்னு…"

"பக்கத்து வீட்டுக்குமா?" என்று அலறினாள் அண்ணி.

"அவங்க முன்னாடியே உக்காந்து பேசச் சொல்றாங்களேடி! கடைக்காரன் காதுல, மீதியை நான் வந்து தர்றேன்னு சொன்னேன். நீங்க குடுத்த இன்ஷூரன்ஸ் காசும் அதுலயே போச்சு, கையில ஒண்ணும் மிச்சம் இல்ல. இன்ஷூரன்ஸை இன்னும் குறைச்சுக் காட்டறேன்னு சொந்தக்காரங்க எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். பழைய பாலிசியிலயே வருஷத்தை மாத்தி ஜெராக்ஸ் எடுத்தேன். இவ ஏஜெண்ட் நம்பரைக் குடுன்னு உயிரை எடுத்தா. எப்பவும் மெதுவாத்தானே ஓட்டுறா, என்ன ஆயிடப்போகுதுன்னு இருந்தேன்."

கிளட்ச் அக்கா அதுவரை கதவருகிலேயே நின்றிருந்தாள். இப்போது வந்து அண்ணனுக்கு நேரே நின்றாள்.

"பெயிண்டர் ஆஸ்பத்திரியில கிடக்கார். நேத்து அவர் பொண்டாட்டி என்கிட்ட, இன்ஷூரன்ஸ் எப்போ வரும்னு கேட்டாங்க. நான் உன் ஏஜெண்ட் சொன்னதையே சொன்னேன். மேலிடத்துக்குப் போயிருக்குன்னு." அண்ணனை அவள் 'நீ' என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. அண்ணி தட்டைக் கீழே வைத்தாள். "நான் அழுதுட்டு உனக்குப் போன் பண்ணினேன். நீ பஞ்சை வெச்சுக்கிட்டு எனக்கு ஆறுதல் சொன்னே."

"உன் அண்ணன்தானேம்மா…"

"கிளம்பு. இன்ஸ்பெக்டர்கிட்ட வந்து சொல்லு. நான் ஏமாந்தவ, தெரிஞ்சு ஓட்டலைன்னு உன் வாயால சொல்லு."

"சொல்றேன், சொல்றேன். நாளைக்குக் காலையில…"

"இப்போ."

"சொன்னா என்னை உள்ள வெச்சுடுவாங்களா?"

"வெச்சா என்னங்க?" என்றான் கொசுறு. "எவ்வளவு நாள்னு கேளுங்க. பேசிக் குறைக்கலாம்."

பேரப்புலி சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். வாசலில் வந்து நின்று, பழக்கத்தில் சாவியைத் தங்கையிடம் நீட்டினார்.

"எடும்மா. சீக்கிரம் போயிட்டு வந்துடலாம்."

கிளட்ச் அக்கா சாவியையும் காரையும் பார்த்தாள்.

"இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியை நான் தொட மாட்டேன். நட."

நடந்தார்கள். தெருவில் வெயில் இன்னும் இறங்கவில்லை. எதிர்ப்பட்டவர்களில் பாதிப் பேர், "என்ன சார், நடந்தே? எதையாவது வாங்கக் கிளம்பிட்டீங்களா?" என்று கேட்டார்கள். பேரப்புலி ஒவ்வொருவருக்கும் கை காட்டிக்கொண்டே நடந்தார். அந்தக் கை ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு விரல்கடை இறங்கியது.

*

இன்ஸ்பெக்டர் கேட்டதற்கெல்லாம் அவர் பதில் சொன்னார். எதையும் பாதியாகச் சொல்ல சர்வேயரம்மா விடவில்லை. அவர் எதிரே உட்கார்ந்து, நசுங்கிய காரைப் பார்க்கும் அதே பார்வையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுதி முடித்த இன்ஸ்பெக்டர் பேனாவை மூடவில்லை.

"வழக்கு உங்க பேர்ல வரும். அது கோர்ட்டு விஷயம். பெயிண்டரோட வைத்தியச் செலவு, அவர் மறுபடி ஏணி ஏறி வேலை பார்க்கிற வரைக்கும் வீட்டுச் செலவு, எல்லாம் வண்டிக்காரர் நீங்கதான் ஏத்துக்கணும். டாக்டர் கணக்குப் போட்டுக் குடுத்திருக்கார்." தொகையைச் சொன்னார்.

பேரப்புலியின் வாய் திறந்தது. முன்னால் சாய்ந்தார். வலது கை எழுந்தது. கடையில் எழுகிற கை. சர்வேயரம்மா, கொசுறு, மூலையில் உட்கார்ந்திருந்த ஏட்டு வரை எல்லோரும் காத்திருந்தார்கள். கிளட்ச் அக்கா மட்டும் அவரைப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டரின் மேஜை மேல் கிடந்த தன் லைசென்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சார்? சொல்லுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

கை இறங்கியது. "ஒண்ணும் இல்லைங்க. எழுதிக்கங்க."

இன்ஸ்பெக்டர் எழுதினார். பிறகு லைசென்ஸை எடுத்துத் தூசி தட்டி, கிளட்ச் அக்காவின் பக்கம் தள்ளினார். "நாளைக்கு வேலைக்குப் போங்கம்மா. உங்க மேல ஒண்ணும் இல்ல."

அவள் அதைக் கைப்பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.

பேரப்புலியின் சட்டைப்பையில் செல்போன் அடித்தது. அண்ணி. அந்த அறையின் அமைதியில் அவள் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"என்னங்க, எவ்வளவுல முடிஞ்சுது?"

அவர் தங்கையைப் பார்த்தார். இந்தத் தடவை அவளும் பார்த்தாள்.

"கேட்ட விலைக்கே," என்றார்.